ராகுகாலத்தில் ஏறிய ஆயில்

தொண்ணூறுகளின் நடுவில் நான் கோயம்புத்தூரில் ஒரு நாளிதழின் நிருபராக இருந்தேன். வெளியூர்ச் செய்திகளுக்குப் போக எங்கள் அலுவலகம் வழக்கமாக அழைப்பது ஒரு பழைய பெட்ரோல் அம்பாசடரை. அதை ஓட்டியவரே அதன் சொந்தக்காரர். நாற்பது வயதிருக்கும். குறைவாகப் பேசுவார், அதைவிடக் குறைவாக ஹாரன் அடிப்பார்.

ஒரு நாள் சத்தியமங்கலத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். புளியம்பட்டியைத் தாண்டியதும் எஞ்சினின் முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. தளர்ந்த சைக்கிள் செயின் தகரக் கவசத்தில் உரசுவது போன்ற சத்தம். அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அதை முடிக்காமலேயே சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்து, வண்டியை ஒரு மரத்தடிக்கு உருளவிட்டார்.

"டைமிங் செயினுங்க சார்," என்றார். "இனி ஒரு சுத்து சுத்துனாலும் எஞ்சினுக்கு ஆகாது."

நான் பஸ்ஸில் ஊர் சேர்ந்தேன். கார் ஒரு காய்கறி லாரியின் பின்னால் கயிற்றில் கட்டப்பட்டு, சரவணம்பட்டியில் சத்தி ரோட்டோரம் இருந்த பட்டறைக்குப் போனது. அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் நான் கொடுமுடியில் இருக்க வேண்டும். வண்டி அதற்குள் தயாராகிவிடும், பட்டறைக்கே வந்துவிட்டால் அங்கிருந்து நேராகக் கிளம்பலாம் என்று ஓட்டுநர் போனில் சொன்னார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி சுமாருக்கு நான் அங்கே போனதற்குக் காரணம் அவ்வளவுதான்.

அப்போது சரவணம்பட்டியில் பெரிய கட்டடங்கள் கிடையாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பட்டறை, ஒட்டினாற்போல் ஒரு லேத், பின்னால் கிணறும் சோளக்காடும். கிணற்று மோட்டார் ஓடும் சத்தமும் லேத்தின் கிரீச்சிடலும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தன. மெக்கானிக் காக்கி அரைக்கால் சட்டையில் இருந்தார். மோட்டார் பம்ப் கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுக் கார்களுக்கு வந்தவர். தன்னடக்கம் அவரிடம் அறவே இல்லை.

"வாங்க பேப்பர்க்கார சார். இந்த ரோட்டுல போற வண்டியில பாதி என்ற கை பட்டதுங்க. மீதி இனிமேத்தான் வரும்," என்று வரவேற்றார்.

செயின் மாற்றியாகிவிட்டது. எஞ்சினுக்குள்ளே கீழே சுற்றும் தண்டையும், வால்வுகளைத் திறக்கும் தண்டையும் ஒரே தாளத்தில் இணைப்பது அந்தச் சங்கிலிதான். பழையதைக் கழற்றிப் பார்த்தபோது, அதை இழுத்துப் பிடித்திருந்த ரப்பர், துண்டு துண்டாக உடைந்து அடியில் இருக்கும் ஆயில் சட்டிக்குள் விழுந்திருந்ததாம். அதனால் சட்டியையும் இறக்கி, ஆயில் பம்பையும் கழற்றிக் கழுவி மாட்டியிருந்தார். புது ஆயில் ஊற்றியாயிற்று. ரேடியேட்டர் மாட்டியாயிற்று. ஆனால் எஞ்சினின் தலையில் இருக்கும் தகர மூடி மட்டும் திறந்தே கிடந்தது. ஸ்பார்க் பிளக்குகள் நான்கும் கழற்றப்பட்டு ஒரு தட்டில் கிடந்தன.

ஓட்டுநர் மட்கார்டில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும், இது வெறும் பழுதுபார்ப்பு இல்லை என்பது தெரிந்தது.

அவருடைய கதையில் கொஞ்சம் எனக்கு முன்பே தெரியும். அவருடைய அப்பாவும் அம்மாவும் அன்னூர்ப் பக்கம் ஒரு பண்ணையத்துக் குடும்பத்தின் காட்டில் கூலி வேலை செய்தவர்கள். அந்தக் குடும்பம் பின்னால் நூல் மில் வைத்தது. இவர் அவர்கள் வீட்டுக் கார் ஓட்டுநரானார். வீட்டுக்குப் புதுக் கார் வந்தபோது பழைய அம்பாசடரைத் தானே வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். மூன்று வருடங்களுக்கு முன் வேறொரு பட்டறையில் அதற்கு பேரிங் மாற்றினார்கள். மாற்றிய கையோடு ஸ்டார்ட் செய்தார்கள். கொஞ்ச நேரம் ஓடிய எஞ்சின் ஒரு முனகலோடு நின்று இறுகிவிட்டது. ஆயில் இன்னும் போய்ச் சேராத பேரிங்குகள் தண்டோடு ஒட்டிக்கொண்டிருந்தன. எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்து முடிக்கும்வரை அவர் அதே வீட்டுக்கு ஓட்டுநராகத் திரும்பிப் போக வேண்டியிருந்தது.

"சம்பளத்துக்குக் கொறையில்லீங்க சார். சோத்துக்கும் கொறையில்ல," என்று ஒரு பயணத்தின்போது சொல்லியிருக்கிறார். "கதவைத் தெறந்து உட்டுப்போட்டு நிக்கறப்பத்தானுங்க..." அதற்கு மேல் சொல்லாமல் ஒரு லாரியை முந்தினார்.

இப்போது பட்டறையில் தணிந்த குரலில் சொன்னார்: "இன்னொருக்கா எஞ்சின் போச்சுன்னா வித்துப்போட்டு அந்த ஊட்டுக்கே போயிருங்கன்னு ஊட்டுக்காரி சொல்லிப்போட்டாளுங்க சார். அவ சொன்னா சொன்னதுதான்."

சொல்லி முடிப்பதற்குள் அவர் மனைவி வந்துவிட்டார். ஒயர் கூடையில் எலுமிச்சம்பழம், கற்பூரம், வெற்றிலை. அவர் பீளமேட்டுப் பக்கம் ஒரு மோட்டார் கம்பெனியில் காயில் சுற்றும் வேலையில் இருந்தார். அன்று அரை நாள் விடுப்பு. செருப்பை வெளியே விட்டுவிட்டு, சுவரில் தொங்கிய தேதிக் காலண்டர் முன் போய் நின்றார். எல்லாருக்கும் தெரிந்ததை விரல் வைத்துப் படித்தார். வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு.

"ஏனுங்கண்ணா, பத்தரைக்குள்ள ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப்போடுங்க," என்றார் மெக்கானிக்கிடம்.

"இன்னும் ஆயில் மேல ஏறலீங்களே அம்மணி."

"ஒரு நிமிசம் ஓட்டி நிறுத்திப்போடுங்க. பொறவு நீங்க சாவகாசமா என்ன வேணா பண்ணுங்க."

"போன தடவை அந்த ஒரு நிமிசந்தானுங்க அம்மணி எஞ்சினைக் கொன்னது."

"போன தடவை கொன்னது ராகுகாலமுங்க," என்றார் அவர். "அன்னைக்குத் திங்கக்கெழம. ஏழரைக்கு மேல ஸ்டார்ட் பண்ணுனாங்க. நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இவரு மண்டையை மண்டையை ஆட்டிப்போட்டுப் போனாரு."

ஓட்டுநர் இப்போதும் தலையை ஆட்டினார். யாருக்காக என்று தெரியவில்லை.

நடந்தது ஒன்று, காரணம் இரண்டு. செய்தி எழுதுகிறவனுக்கு இது பழக்கமான நிலை. இரண்டு தரப்பும் சொல்வது நடந்ததோடு பொருந்துகிறது. அன்று எஞ்சின் வறண்டும் இருந்தது, ராகுகாலமாகவும் இருந்தது. ஓட்டுநர் இரண்டையும் நம்பினார் என்பதுதான் சிக்கல். சாவி அவர் கையில் இருந்தது. அதை அவர் விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தார். பத்தரை நெருங்க நெருங்க அந்தச் சுற்று வேகமானது.

மெக்கானிக் அதைக் கவனித்தார். "மாப்ள, சாவியை இக்கட்ட குடு," என்று வாங்கித் தன் அரைக்கால் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு அந்த அம்மாவிடம் திரும்பினார்.

"அம்மணி, நீங்க மோட்டார் கம்பெனியில இருக்கறவங்க. உங்களுக்குத் தெரியாததா? கெணத்து மோட்டாருக்குத் தண்ணி ஊத்தி நெறைக்காம சுச்சுப் போடுவீங்களா?"

"அதெப்படிங்க போடறது? காத்தைத்தான் சுத்தும். சீல் வெந்து போயிருமுங்க."

"இதுக்குள்ளயும் ஒரு பம்புதானுங்க. கழட்டிக் கழுவுனதுல உள்ள பூராவும் காத்து. நம்ம காட்டுல தண்ணியைப் புடிச்சு நிறுத்தற புட்வால்வு ஒழுகுனாச் சாணியைக் கரைச்சு ஊத்தி மோட்டாரை எடுக்கறாங்கல்ல, அந்த மாதிரி நான் பம்புக்குள்ள வாசலினை அப்பி வெச்சிருக்கறன். அது காத்தை அடைச்சுக்கிட்டு ஆயிலை உறிஞ்சோணும். உறிஞ்சி, பேரிங்குக்கெல்லாம் போயி, கடைசியாத்தான் இந்தத் தலைக்கு வரும். தலைக்கு வந்துருச்சுன்னா எல்லாத்துக்கும் போயிருச்சுன்னு அர்த்தம். அதுவரைக்கும் கையிலதான் சுத்தோணும்."

அந்த அம்மா எஞ்சினை எட்டிப் பார்த்தார். மணியைப் பார்த்தார். கூடையைக் கீழே வைத்தார். அவர் யோசித்தது சில விநாடிதான்.

"ஏனுங்கண்ணா, பயணத்துக்கு நேரம் ஒத்து வல்லீன்னா நல்ல நேரத்துல முன்கூட்டியே பையைக் கொண்டுபோய்ப் பக்கத்து ஊட்டுல வெச்சர்றதில்லீங்களா? அப்புறம் எந்நேரத்துல கெளம்புனாலும் கெளம்புன மாதிரிதானுங்களே?"

"ஆமாங்க."

"அப்பக் கையில சுத்தறது ஸ்டார்ட் பண்ணுன கணக்குத்தானுங்களே? பத்தரைக்கு முன்னால ஒரு சுத்துச் சுத்திப்போட்டா?"

மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தார். "கணக்குத்தானுங்க அம்மணி. தாராளமாக் கணக்குத்தான்."

"அப்ப நானே சுத்தறேன்."

பழைய அம்பாசடர்களுக்கு முன்பக்கம் பம்பருக்கு நடுவே ஒரு துளை உண்டு. அதில் நீண்ட இரும்புக் கைப்பிடியை நுழைத்து எஞ்சினைக் கையால் சுற்றலாம். கற்பூரம் ஏற்றி, எஞ்சினைச் சுற்றிக் காட்டியபின், அந்த அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து கைப்பிடியைப் பிடித்தார். ஓட்டுநர் பதறி முன்னால் வந்தார். பிளக் கழற்றிய எஞ்சின் உதைக்காது, பயப்பட வேண்டாம் என்று மெக்கானிக் கையால் தடுத்தார். கைப்பிடி சுற்றியது. பிளக் துளைகள் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருமூச்சு விட்டன.

"இத்தனை லேசாவா இருக்குது!" என்றார் அவர். இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் விட்டார். காலண்டருக்கு மேல் இருந்த கடிகாரத்தில் அப்போது பத்தரை ஆகவில்லை. அதன்பிறகு அவர் கடிகாரத்தைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

பிறகு ஆண்கள் மாற்றி மாற்றிச் சுற்றினோம். ஓட்டுநர், பக்கத்து லேத்காரர், நான். மெக்கானிக் எஞ்சினின் மேல் குனிந்து நின்றார். மூடி திறந்திருந்த இடத்தில் ஒரு நீளத் தண்டு. அதில் கோத்த எட்டு இரும்பு விரல்கள். ராக்கர் என்பார்கள். நாங்கள் சுற்றச் சுற்ற அவை முறை வைத்து ஒவ்வொன்றாகத் தலை குனிந்து நிமிர்ந்தன. அவர் அந்தத் தண்டையும் ராக்கர்களையும் பனியன் வேஸ்ட் துணியால் பொட்டு ஈரமில்லாமல் துடைத்து வைத்திருந்தார். ஏன் மேலே கொஞ்சம் ஆயில் விடக்கூடாது என்று கேட்டேன்.

"நாம ஊத்துனா அது நாம ஊத்துன ஆயிலுங்க சார். இருக்கறதைப் பாத்து ஏமாந்து போவோம். காஞ்சு கெடந்தாத்தான் அடியில இருந்து வந்தது எதுன்னு தெரியும்."

வரவில்லை.

என் முறை முடிந்து, லேத்காரர் முறை முடிந்து, ஓட்டுநரின் இரண்டாவது முறையும் முடிந்தது. ராக்கர்கள் சாம்பல் நிறத்தில் உலர்ந்தே கிடந்தன. காருக்குள் டாஷ்போர்டில் ஆயில் அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. லேத்காரர் ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு நழுவினார். மெக்கானிக் பேச்சை நிறுத்தியிருந்தார். பம்ப் உறிஞ்சவில்லை என்றால் மறுபடி சட்டியை இறக்க வேண்டும். அல்லது எங்கேயோ உள்வழி ஒன்று அடைத்திருக்க வேண்டும். அடைத்திருந்தால் எஞ்சினை முழுதாகப் பிரிக்க வேண்டும்.

ஓட்டுநர் கைப்பிடியை விட்டு நிமிர்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மனைவியைப் பார்க்காமல், "அந்த மில்லுக்காரங்க ஊட்டுல இன்னும் டிரைவர் வெக்கலியாமா?" என்று கேட்டார்.

"வாயை மூடிக்கிட்டுச் சுத்துங்க," என்றார் அந்த அம்மா.

மெக்கானிக் ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் சரிந்தார். எஞ்சினிலிருந்து ஆயில் ஃபில்ட்டருக்குப் போகும் குழாய் அங்கே இருந்தது. அதன் திருகை ஒரு மயிரிழை தளர்த்தினார். "இப்பச் சுத்து மாப்ள. மெதுவா. நிறுத்தாம."

ஓட்டுநர் சுற்றினார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு நான் காதால் கேட்டேன்: தூங்கும் குழந்தை உதட்டால் ஊதுவது போல மிகச் சின்ன ஒரு சத்தம். திருகின் விளிம்பில் ஒரு குமிழ் வந்து உடைந்தது. இன்னொன்று. அப்புறம் நுரை; பழுப்பாக, சோப்பு நுரையைவிடக் கனமாக. நுரையின் நடுவே தேன் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. அந்தக் கோடு தடித்து, நுரையைத் தள்ளிவிட்டு, சுத்தமான ஆயிலாக வழிந்து மெக்கானிக்கின் மணிக்கட்டில் இறங்கியது. அவர் திருகை இறுக்கினார்.

"காத்து," என்றார். "பூந்து உக்காந்துட்டு வழி உடாம இருந்திருக்குது. உடாதே மாப்ள, சுத்து."

மற்ற மூன்று பேரும் எஞ்சினின் மேல் குனிந்தோம். ஓட்டுநர் மட்டும் முன்னால் சுற்றிக்கொண்டு. நான் அதற்கு முன் அணை திறப்பு விழாக்களைப் பார்த்து எழுதியிருக்கிறேன். மதகு உயர்ந்து தண்ணீர் பாயும்போது கூட்டம் கைதட்டும். அதைப் பற்றி எழுதச் சொற்கள் தயாராக இருக்கும். இதற்கு என்னிடம் சொற்கள் இல்லை. தண்டின் ஒரு கோடியில் இருந்த ராக்கரின் அடியில், இரும்பும் இரும்பும் சேரும் இடத்தில், நிறம் மாறியது. அவ்வளவுதான். சாம்பல் கறுப்பானது. கறுப்பில் ஒரு மினுக்கம் வந்தது. மினுக்கம் உப்பித் துளியானது. அந்தத் துளி விழாமல், ராக்கர் தலை குனிந்தபோது அதோடு குனிந்து, நிமிர்ந்தபோது நிமிர்ந்தது. கைப்பிடி இன்னும் சில சுற்றுச் சுற்றியபின் அது நழுவி ஓடியது. அதே இடத்தில் இன்னொன்று பிறந்தது. அதற்குள் அடுத்த ராக்கரின் அடி கறுக்கத் தொடங்கியிருந்தது. பிறகு அதற்கடுத்தது. யாரோ ஒருவர் வரிசையாக விளக்கேற்றிக்கொண்டு போவது போல, அவசரமே இல்லாமல், ஒன்றும் விடுபடாமல்.

அந்த ஆயில் எங்கெங்கு போய்விட்டு வந்திருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தேன். அடியிலிருந்து பம்புக்கு, ஃபில்ட்டருக்கு, இரும்புக்குள் துளைத்த நீண்ட வழிகளில், தண்டின் ஒவ்வொரு பேரிங்கையும் தொட்டுவிட்டு, யாரும் பார்க்க முடியாத அத்தனை இருட்டையும் கடந்து இங்கே வந்திருக்கிறது. உந்தியது வேறெந்த விசையும் அல்ல, மனிதக் கைகள். அவற்றில் என் கையும் ஒன்று. என் உள்ளங்கையில் அப்போது ஒரு கொப்புளம் இருந்தது.

எட்டாவது ராக்கரும் நனைந்தபோது யாரும் கைதட்டவில்லை. அந்த அம்மா ஒரு விரலை நீட்டி அந்தக் கடைசித் துளியைத் தொட்டார். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

"ஊத்துத் தெறந்துருச்சுங்க," என்றார் முன்னால் குனிந்திருந்த கணவனிடம். "வந்து பாருங்க."

அவர் கைப்பிடியை விட்டுவிட்டு வந்து பார்த்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

மெக்கானிக் மூடியை வைத்து இறுக்கினார். பிளக்குகளை இன்னும் போடாமல், பேட்டரியை இணைத்து, ஓட்டுநரைச் சீட்டில் உட்கார்த்திவைத்து சாவியைக் கொடுத்தார். ஸ்டார்ட்டர் மட்டும் எஞ்சினைச் சுழற்றியது. நெருப்பில்லாத, இருமல் போன்ற சுழற்சி. நான் ஜன்னல் வழியாக முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு நடுக்கம் நடுங்கியது. பிறகு, படுத்திருந்தவர் எழுவது போல எழுந்து நின்றது.

பிளக்குகளை மாட்டியதும் மெக்கானிக் அந்த அம்மாவைப் பார்த்தார். "அம்மணி, இன்னும் ராகுகாலந்தான். சித்தே இருந்து, பன்னெண்டுக்கு மேல ஸ்டார்ட் பண்ணலாமுங்களா? அதுக்குள்ள ஆயில் ஒண்ணும் எறங்கிப் போயிராது."

"எதுக்குங்க? ஸ்டார்ட் பண்ணி எந்நேரமாச்சு," என்றார் அவர். "சாவியத் திருப்பச் சொல்லுங்க."

ஓட்டுநர் திருப்பினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. முதல் சில கணங்கள் நாங்கள் எல்லோருமே மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டோம். முனகல் இல்லை. உரசல் இல்லை. தகரக் கூரையில் தூறல் விழுவது போன்ற சீரான சத்தம். மெக்கானிக் ஒரு நீள ஸ்குரூ டிரைவரை எஞ்சினின் மேல் ஊன்றி, அதன் பிடியில் காதை வைத்து, ஒவ்வொரு இடமாகக் கேட்டுக்கொண்டு போனார். கடைசியில் நிமிர்ந்து, இழந்த பேச்சையெல்லாம் ஒரே மூச்சில் மீட்டுக்கொண்டார்.

"என்ன மாப்ள, மூஞ்சி வெளுத்துப்போச்சு? அந்த ஊட்டுக்காரங்க இனி வேற ஆளைப் பாத்துக்கட்டும். போயி வண்டியைப் பழக்கு. அறுபதுக்கு மேல மிதிச்சீன்னா நானே வந்து சாவியைப் புடுங்கிப்போடுவேன்."

எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கார் சத்தி ரோட்டில் ஏறியது. கம்பெனி வாசலில் அந்த அம்மாவை இறக்கிவிட்டுத்தான் நாங்கள் கொடுமுடிக்குப் போக வேண்டும். அவர் முன்சீட்டில், நான் பின்னால். ஓட்டுநரின் கண் ரோட்டில் நிற்கவில்லை. ரோட்டைப் பார்க்கும், ஆயில் முள்ளைப் பார்க்கும், மறுபடி ரோட்டுக்கு வரும். எதிரே வந்த ஒரு மாட்டுவண்டியைக் கடைசி நேரத்தில்தான் ஒதுக்கினார்.

"சாமி, நீங்க ரோட்டைப் பாருங்க," என்றார் அந்த அம்மா. "இதை நான் பாத்துக்கறேன்."

பிறகு அவர் டாஷ்போர்டை நோக்கிக் குனிந்துகொண்டார். ஒவ்வொரு மேட்டிலும், ஒவ்வொரு கியர் மாற்றத்திலும், கணவன் கேட்காமலேயே அவர் சொல்லிக்கொண்டு வந்தார்.

"நிக்குதுங்க... நிக்குதுங்க... நின்னுட்டுத்தான் இருக்குதுங்க..."